காதடி வலியும் மூட்டுநீரும்

மதுரையில் காதடி வலி என்று புறப்படுகிறவர் முதலில் காது டாக்டரிடம் போவார். காதில் ஒன்றுமில்லை என்றதும் பல் டாக்டரிடம். பல்லிலும் சொத்தை இல்லை என்றால் நரம்பு டாக்டரிடம். இந்த மூன்று வாசலிலும் ஏறி இறங்கிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் சொந்தத் தாய்மாமா. வலி கடைசியில் எங்கே இருந்தது என்று தெரிவதற்குள் நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப் பறிகொடுத்திருந்தார். பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள், நம்பிப் பிடுங்கிக்கொண்டார். பல் போனது, வலி போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பல்தான்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். டாக்டர் இல்லை. ஆனால் மாமாவின் வலிக்குக் காரணமான தாடை மூட்டுக்குள் நடப்பது முழுக்க என் பாடம்.

காதுத் துளைக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று உருண்டு முன்னால் நழுவுவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி, பொட்டெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாயைச் சற்றுத் திறக்கும்போது சுழல்கிறது. அகலமாகத் திறந்தால் குழியை விட்டு முன்னால் சறுக்குகிறது. இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தே தீரும். எலும்பு நுனிக்கும் குழிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் குழிவாக, மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். அதன் நடுப்பகுதி மிக மெல்லியது, அங்கே ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் திசு அப்படியல்ல. ரத்தமும் நரம்பும் நிறைந்தது. டிஸ்க் முன்னால் விலகிப்போனால் எலும்பு இந்தத் திசுவின்மேல் அமர்கிறது. மூட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள்தான் காதின் முன்பகுதிக்கும் போகின்றன. மூட்டில் வலித்தால் காதில் வலிப்பதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா தையல்காரர். வாழ்நாளில் பாதிக்கு மேல் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தைத்தவர். கடைகளை மாற்றியபோது மற்றவர்களோடு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனார். சித்திரைத் திருவிழா வந்தால் அவருக்குத் தூக்கம் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளுக்கு வேடம் கட்டுகிறவர்களின் உடுப்பெல்லாம் பங்குனி பாதியிலேயே வந்து குவிந்துவிடும். வலி உச்சத்துக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். இதை முதலில் கவனித்தவர் அத்தை. "திருவிழா முடிஞ்சா உங்க மாமாவுக்கு வாய் தொறக்கும்" என்றார். எந்த டாக்டரும் கேட்காத தகவல் அது.

ஒரு மதியம் அவர் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓட்டும்வரை அவர் முகத்தில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கையால் காஜா எடுக்க ஆரம்பித்தபோதுதான் பார்த்தேன். ஊசியில் நூல் கோர்க்கும்போது தாடை மூலையில் தசை புடைத்தது. துளை தைத்து முடியும்வரை அது அடங்கவே இல்லை. முடிந்ததும் நூலைப் பல்லிடுக்கில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கடி. கத்தரிக்கோல் மடியிலேயே இருந்தது. அடுத்த காஜாவுக்கு மறுபடி பல்லோடு பல். பொட்டில் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இது எப்பவும் இப்படித்தான மாப்ள இருக்கும்?" என்று கேட்டார்.

இருக்காது. நாம் சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் சேர்ந்திருக்காது. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொடுகிற மொத்த நேரம் 20 நிமிடத்துக்கு உள்ளேதான். மாமாவின் பற்களோ மணிக்கணக்கில் சேர்ந்தே இருந்தன. நுணுக்கமாகக் கண் ஊன்றிச் செய்கிற வேலைகளில் இது பலருக்கும் வரும். சுங்குடி முடிச்சுப் போடுகிறவர்கள், நகைப் பட்டறையில் கல் பதிக்கிறவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்கிற பிள்ளைகள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்காவது தெரியும். பகலில் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டே இருப்பது யாருக்கும் தெரியாது.

மெல்லும்போது தாடை மூட்டு பாரம் தாங்குகிறதா, இல்லையா என்று ஒரு காலத்தில் பெரிய வாதமே நடந்தது. தாங்குகிறது என்பதில் இன்று ஐயமில்லை. ஜெருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்ஸான், உயிருள்ள மனிதர்களின் தாடை மூட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தையே அளந்து பார்த்தவர். வாய் திறக்கும்போது வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும் அழுத்தம், பல்லை இறுகக் கடிக்கும்போது சிலருக்கு 200 மி.மீ. பாதரசம் வரை ஏறியது. நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தம் இதில் ஒரு சிறு பங்குதான். அப்படியென்றால், கடித்துக்கொண்டிருக்கிற நேரம் முழுவதும் மூட்டைச் சுற்றிய திசுவுக்கு ரத்தம் போவது தடைப்படுகிறது. பிராணவாயு குறைகிறது.

கடிப்பதை விட்டவுடன் ரத்தம் திரும்பப் பாய்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். பிராணவாயு இல்லாமல் இருந்த திசுவுக்குள் அது திடீரென்று நுழையும்போது, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளைச் சிதைக்கும் வேதித்துகள்கள் பிறக்கின்றன; வேதியியலில் இவற்றுக்குத் தனி உறுப்புகள் என்று பெயர். ஃப்ரீ ராடிக்கல் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாரடைப்பில் அடைப்பை நீக்கியபின் இதயத் தசையில் நடக்கும் சேதமும் இதே வேதியியல்தான். தாடை மூட்டிலும் இதுவே நடக்கக்கூடும் என்று 1990களில் அமெரிக்காவின் ஸ்டீபன் மிலமும் அவரோடு இருந்தவர்களும் முன்வைத்தார்கள். வகுப்பில் இதயத்தை வைத்து எத்தனையோ தடவை நடத்திய பாடம். மாமாவின் காஜாவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமென்று அந்த மதியம்வரை நினைத்துப் பார்த்ததில்லை.

இனி மூட்டுநீர், அதாவது மூட்டு உராயாமல் வழுக்க உதவும் நீர். அந்தச் சிறிய மூட்டில் அது துளித்துளியாகத்தான் இருக்கிறது. அதன் வழுவழுப்புக்குக் காரணம் ஹயலுரானிக் அமிலம், லூப்ரிசின் என்ற புரதம், எலும்பு முனையின் பரப்பில் படிந்திருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் படலம் ஆகியவை. ஹயலுரானிக் அமிலம் மிக நீளமான சங்கிலி. நீளமாக இருக்கும்வரைதான் அதற்கு வேலை. நூல்கண்டைத் துண்டு துண்டாக நறுக்கினால் எடை அதேதான், தைக்கத்தான் முடியாது. தனி உறுப்புகள் செய்வது இந்த நறுக்கும் வேலையைத்தான். பாஸ்போலிப்பிட் படலத்தைப் பாதுகாப்பதும் அதே நீளச் சங்கிலிதான். அது துண்டானதும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி படலத்தைக் கரைக்கத் தொடங்குகிறது. வழுவழுப்புப் போய் உராய்வு வருகிறது. சறுக்க வேண்டிய டிஸ்க் குழியின் கூரையோடு ஒட்டிக்கொள்கிறது. முந்தின இரவு நன்றாக இருந்தவர் காலையில் எழுந்து, "வாய் பூட்டிக்கிச்சு" என்று சொல்வதற்கு நிட்ஸான் தந்த விளக்கங்களில் இது ஒன்று.

செல்களும் சும்மா இருப்பதில்லை. குருத்தெலும்புச் செல்லின் வெளிச்சவ்வில் அழுத்தத்தை உணரும் புரதங்கள் இருக்கின்றன: இன்டெக்ரின்கள், பியேசோ வாயில்கள். பாரம் அளவை மீறும்போது இவை உள்ளே சேதி அனுப்ப, என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை எழுப்புகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்று அழற்சிக்குச் சேதி சொல்லும் புரதங்கள் எல்லாம் மூட்டுநீரில் ஏறுகின்றன. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் இ2 ஏறுகிறது. எம்.எம்.பி. என்ற நொதிக் கூட்டம் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைத் தின்கிறது. அக்ரிகனேஸ், குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகேனை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் மூட்டுநீரில் மிதக்கின்றன. நரம்பு நுனிகள் தம் பங்குக்கு சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருள்களைக் கசியவிட்டு அழற்சியை ஊதிவிடுகின்றன. ஆய்வாளர்கள் உயிர்வேதிக் குறியீடுகள் என்று தேடுவது இந்தக் கூட்டத்தைத்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாடை வலி பாரத்தால் வருகிறதா, வேதிப்பொருளால் வருகிறதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. மூட்டுநீரில் ஏறியிருக்கும் இன்டர்லூக்கின், மாமா பல்லைக் கடித்த மணிநேரங்களின் எழுத்து வடிவம். அதைப் படிக்கத் தெரிந்தவர் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்காமல் பல்லைப் பிடுங்க மாட்டார்.

பாரமே எதிரி என்றும் நினைத்துவிடக் கூடாது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு ஒன்று உண்டு. குருத்தெலும்புச் செல்களை வளர்த்து, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை ஊற்றி அழற்சியைத் தூண்டிவிட்டு, கூடவே மென்மையாக, தாளத்தோடு இழுத்து இழுத்து விட்டார்கள் சுதா அகர்வாலும் அவர் குழுவினரும். அழற்சி தணிந்தது. அளவாக இழுத்தால் இன்டர்லூக்கின் சொல்வதைச் செல் கேட்பதில்லை. மிகையாக இழுத்தால் இழுப்பே அழற்சியைக் கிளப்புகிறது. தாடையை அசைக்கவே கூடாது என்று துணியால் கட்டிவைப்பது சரியான வைத்தியம் ஆகாது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. மூட்டுக்கு அசைவு வேண்டும், இறுக்கம்தான் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமா என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப ரத்தம் டெஸ்ட் பண்ற மாதிரி இதை டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாமா மாப்ள?" இன்றைய நிலையில் முடியாது. மூட்டுநீர் துளியளவே இருப்பதால் நேரடியாக உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். உப்புநீரைச் செலுத்திக் கழுவி எடுக்கிறார்கள். எடுத்ததில் எவ்வளவு மூட்டுநீர், எவ்வளவு கழுவிய நீர் என்று எப்படிச் சொல்வது? ஸ்வீடனில் பெர் அல்ஸ்டெர்கிரெனும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கழுவும் நீரில் வைட்டமின் பி12 கலந்துவிட்டார்கள். பி12 நல்ல சிவப்பு நிறம். உள்ளே போனபோது இருந்த சிவப்பு, வெளியே வரும்போது எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று நிறமானியில் பார்த்தால் கலந்த மூட்டுநீரின் அளவு கிடைத்துவிடும். இவ்வளவு எளிய யோசனையைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அளந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. குறியீடுகள் ஏறியிருந்தும் பெரிதாக வலி இல்லாதவர்கள் உண்டு. வலியால் துடிப்பவரின் மூட்டுநீரில் பெரிதாக ஒன்றும் இல்லாமலும் போகும். எம்.ஆர்.ஐ. படமும் அப்படித்தான். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் விலகியிருக்கிறது. வாய் திறக்கும்போது சடக்கென்று சத்தம் மட்டும் வந்து, வலியும் இல்லை, பூட்டிக்கொள்வதும் இல்லை என்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம். தவிர, தாடை வலிகளில் அதிகம் மூட்டுக்குள் பிறப்பதல்ல, தசையில் பிறப்பது. அங்கே மூட்டுநீர் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் 2014-இல் உலகளவில் ஒத்துக்கொண்ட நோயறியும் முறையில் மூட்டுநீர்ப் பரிசோதனை இல்லை. அதில் இருப்பவை கேள்விகள், விரலால் அழுத்திப் பார்த்தல், வாய் திறக்கும் அளவு. கூடவே மனநிலை, தூக்கம், உடம்பின் மற்ற வலிகள் பற்றிய வினாத்தாள்.

கடைசியாகச் சொன்னது சும்மா சேர்த்ததல்ல. அமெரிக்காவில் நான்கு ஊர்களில், தாடை வலியே இல்லாத 18 முதல் 44 வயதுக்காரர்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஒப்பேரா என்ற பெரிய ஆய்வு இருக்கிறது. ஆண்டுக்கு 100 பேரில் 4 பேர் அளவுக்குப் புதிதாகத் தாடை வலி வந்தது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே வலுவாகக் காட்டியது தாடையின் அமைப்பல்ல. உடம்பில் வேறு பல தொந்தரவுகள் இருந்தவர்கள், தூக்கம் கெட்டுக்கொண்டே வந்தவர்கள், மன அழுத்தத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

பல் அமைப்பின்மேல் பழியைப் போடும் வழக்கம் பழையது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவர், பின்பற்களை இழந்தவர்களின் தாடை அளவுக்கு மீறி மூடி நரம்பை அழுத்துவதால் காதுத் தொந்தரவு வருகிறது என்று எழுதினார். காதுக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் கவனித்தது அவரால்தான். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. நரம்பு அழுத்தக் கணக்கை உடற்கூறியலாளர்கள் பின்னால் மறுத்துவிட்டார்கள். ஆனால் பல்லைத் தேய்த்துச் சரிசெய்தால் தாடை வலி போகும் என்ற நம்பிக்கை மட்டும் தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. தேய்த்த பல் திரும்ப வளராது, பிடுங்கிய பல்லும் வராது. திரும்பப் பெற முடியாத எதையும் முதல் வைத்தியமாகச் செய்ய யாரும் சம்மதிக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்ம பக்கத்தில் இன்னொரு விஷயம் குறுக்கே நிற்கிறது: பாக்கு. வாய் திறக்க முடியவில்லை என்று வருகிறவர் பாக்கோ, பாக்குப் பொட்டலமோ போடுகிறவராக இருந்தால் மூட்டைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். காரம் பட்டால் எரிச்சல், கன்னம் வெளுத்து விறைப்பது, விரலால் தடவினால் நார்நாராகப் பட்டை தட்டுவது எல்லாம் வாய்ச்சவ்வு இறுகும் நோயின் அடையாளங்கள். பாக்கில் உள்ள அரிகோலின் நார்த்திசுச் செல்களைத் தூண்டிக் கொலாஜனைக் கொட்ட வைக்கிறது. பாக்கில் இருக்கும் தாமிரம் லைசில் ஆக்சிடேஸ் நொதிக்கு உரமாகி அந்தக் கொலாஜனைக் குறுக்கே பூட்டிப்போடுகிறது. இது புற்றுநோயாக மாறக்கூடியது. தாடை வலி என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாமாவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வாய், முக அறுவை மருத்துவர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்த மாதத்தில் வலி அதிகம் என்று கேட்டார். நான் அவரிடம் போய் மூட்டுநீர், இன்டர்லூக்கின் என்று பேசவில்லை. அவர் கேட்ட கேள்விகளே போதுமாக இருந்தன. இரவில் போட்டுக்கொள்ள, பல்வரிசைக்கு அளவெடுத்த கவசம் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை. வெந்நீர் ஒத்தடம். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. கரும்பு, பனங்கிழங்கு, முறுக்கு வேண்டாம். பரோட்டா வேண்டுமானால் சால்னாவில் நன்றாக ஊறட்டும். இவற்றால் அடங்காவிட்டால் மூட்டை உப்புநீரால் கழுவலாம் என்றார். நிட்ஸானும் உடன் பணிசெய்தவர்களும் 1991-இல் எழுதிய முறை அது. மூட்டுக்குள் டிஸ்க்குக்கு மேலே உள்ள அறைக்குள் இரண்டு ஊசி, ஒன்றில் நீர் உள்ளே, மற்றதில் வெளியே. ஒட்டிய டிஸ்க் விடுபடுகிறது, அழற்சிப் பொருள்களும் கழுவிக்கொண்டு போகின்றன. மாமாவுக்கு அது தேவைப்படவில்லை.

மெஷின் விளிம்பில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறார். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்துவிட வேண்டும் என்பது அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. காஜா வேலையில் பாதியை அத்தை வெளியே கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கூலி போகிறது என்று மாமாவுக்கு மனத்தாங்கல்தான். வாய் இப்போது நன்றாகத் திறக்கிறது, மூன்று விரல் உள்ளே போகிறது. சித்திரை நெருங்கினால் வலி எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. முன்பு போலப் பூட்டிக்கொள்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு அவசரமான சில செய்திகள். சடக்கென்ற சத்தம் திடீரென நின்று, கூடவே வாய் பாதிக்கு மேல் திறக்காமல் போனால் டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கலாம். தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அது வேறு நோய். காயம் பட்ட சில நாளில் தாடை இறுகினால் டெட்டனஸ் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது மட்டும் தாடை வலித்து, புதிதாகப் பொட்டு வலியும் பார்வை மங்கலும் வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் கண் போய்விடும். படியேறும்போதோ நடக்கும்போதோ தாடையில் வலி வந்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் மூட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது இதயம். 108-ஐக் கூப்பிடுங்கள்.